காணிக்கு உறுதி இருக்கு, பாட்டுக்கு?

போன மாதம் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். பதினைந்து நாள் பிந்திப் போனோம்.

அந்த வீட்டு ஐயா எழுபதுகளில் மேடைகளில் அக்கோடியன் வாசித்தவர். இன்றைக்கும் ஊர் பெயர் சொல்லுகிற ஒரு பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்தவர். அவரிடம் ஒரு சூட்கேஸ் நிறையக் கடதாசி இருக்கு என்று அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் சொல்லித்தான் நாங்கள் தேடிப் போனது. கச்சேரிக்கு எழுதிய ஒப்பந்தத் துண்டுகள், பாடகர் முத்திரைக்கு மேல் கையெழுத்து வைத்துக் கொடுத்த பற்றுச்சீட்டுகள், வானொலியில் இருந்து வந்த கடிதங்கள். ஐயா காலமாகி, அந்தியேட்டி முடிந்து, வீடு கழுவி, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. சூட்கேஸ் போயிட்டுது.

"அது சும்மா பழைய துண்டுகள்தானே தம்பி. கறையானும் ஏறிட்டுது. படங்களை மட்டும் எடுத்து வைச்சிருக்கிறன்" என்று மகள் அல்பத்தைக் கொண்டுவந்து காட்டினா. தேத்தண்ணியும் தந்தா. அவவில் ஒரு பிழையும் இல்லை. துண்டுக்குப் பெறுமதி இருக்கு என்று இந்த ஊரில் யாரும் அவவுக்குச் சொல்லவில்லை. நாங்களும் பதினைந்து நாள் பிந்தித்தான் சொல்லப் போனோம்.

அல்பத்தில் ஒரு படம். நடுவில் பாடகர், வெள்ளைக் காற்சட்டை, கையில் மைக். ஓரத்தில் ஐயா. பாதி முகம் மைக் கம்பிக்குப் பின்னால் மறைந்து கிடக்கு. படத்துக்குப் பின்பக்கம் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. முன்பக்கம் குறுக்காகப் பாடகரின் கையெழுத்து மட்டும். அந்தப் படத்துக்கு இன்றைக்கும் ஆள் இருக்கு. "வித்தால் சொல்லுங்கோ" என்று வெளிநாட்டில் இருந்து ஒருவர் கேட்டாராம். துண்டுகளை யாருமே கேட்கவில்லை.

எங்களுடைய சண்டை இதோடுதான். ஒரு பாடகரின் கையெழுத்து என்றால் எங்கட ஆட்களுக்கு ஓட்டோகிராப் மட்டும்தான் ஞாபகம் வரும். கைக்கு அகப்பட்ட கடதாசியை நீட்டு, வாங்கு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டு, முகநூலில் போடு. அந்தப் பாடகர் தன் வாழ்க்கையில் கையெழுத்து வைத்த மற்றக் கடதாசிகள், அதாவது எந்த லேபலோடு என்ன விலைக்கு என்ன உரிமையை எழுதிக் கொடுத்தார், எந்த மேடைக்கு எவ்வளவு வாங்கினார், பின்னால் நின்ற ஐந்து பேருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுத்தார், பாட்டை எழுதினவர் என்று யாருடைய பெயரைப் போட்டார், இதெல்லாம் குப்பை. எங்களுக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. ஓட்டோகிராப் நாசமாய்ப் போகட்டும், அந்தத் துண்டுகளைத் தாங்கோ என்கிறோம்.

ஏன் என்று சொல்லுகிறோம்.

எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் சகோதரர்கள் எங்கட திருகோணமலை. "உனக்குத் தெரியுமா" பாட்டைத் தெரியாத அப்பா அம்மா இந்த ஊரில் குறைவு. இலங்கையில் தமிழில் வந்த முதல் பொப் இசைத்தட்டு எங்கட ஊர்க்காரருடையது என்று மேடைக்கு மேடை சொல்லுகிறோம். நாங்களே இரண்டு தரம் எழுதியிருக்கிறோம். வெளியூர் நண்பர் ஒருவர் அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதினார்: "ஆதாரம்?" எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. ஏனென்றால் எங்கள் கையில் இருந்தது இன்னொருவர் எழுதிய கட்டுரை, அவர் கையில் இருந்தது அவருக்கு முன்னால் எழுதியவரின் கட்டுரை. அடியில் போய்ப் பார்த்தால் ஞாபகம். ஞாபகம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அது நல்ல சாட்சி, ஆனால் குறுக்கு விசாரணைக்கு நிற்காது. இசைத்தட்டு அடித்தபோது எழுதிய ஓர் ஒப்பந்தம், எத்தனை தட்டு என்று போட்ட ஒரு பில், ஒலிப்பதிவு நாளுக்கு வரச்சொல்லி வந்த ஒரு கடிதம், இவற்றில் ஒன்றின் பிரதி இருந்தாலே அந்த ஒற்றைச் சொல் கேள்விக்கு ஒற்றைத் தாளில் பதில் சொல்லலாம்.

இது எங்கட ஊர்ப் பெருமைக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்காதீர்கள். ஈழத்துப் பொப்பிசை முழுவதுக்குமே இந்த வியாதி இருக்கு. நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே"யை ஏ. ஈ. மனோகரன் பாட்டு என்று சத்தியம் பண்ணுகிறவர்களை எங்கள் வகுப்பிலேயே பார்த்திருக்கிறோம். மனோகரனுடைய "சுராங்கனி" கடல் தாண்டி, 1977இல் "அவர் எனக்கே சொந்தம்" படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் வந்து, பிறகு இந்தியாவின் பல மொழிகளுக்கும் போனது. மூலம் யாருடையது, மெட்டு யாருடையது, எவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். தேத்தண்ணிக் கடைக்கு ஒரு கதை கிடைக்கும். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது எத்தனை அஞ்சலிகள் வந்தன! பொப்பிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை எல்லாரும் மறக்காமல் போட்டார்கள். சக்கரவர்த்தி எதில் எல்லாம் கையெழுத்து வைத்தார் என்று கேட்டு எழுதிய ஓர் அஞ்சலி எங்கள் கண்ணில் படவில்லை.

வெளியில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பீற்றில்ஸ் குழு பிரையன் எப்ஸ்ரைன் என்ற முகாமையாளரோடு எழுதிய முதல் ஒப்பந்தம் 1962 ஜனவரி 24 திகதியிட்டது. அது 2019இல் லண்டன் சொதபீஸ் ஏலத்தில் 2,75,000 பவுணுக்குப் போனது. விலையை விடுங்கள், அந்தத் தாள் என்ன சொல்லுது என்று பாருங்கள். அதில் மேளக்காரராகக் கையெழுத்து வைத்தவர் பீற் பெஸ்ற். ரிங்கோ இல்லை. ஒக்டோபரில் எழுதிய அடுத்த ஒப்பந்தத்தில் ரிங்கோ வந்துவிட்டார். இடைப்பட்ட எட்டு மாதத்தில் ஒரு மனுசன் சரித்திரத்துக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கிறார். போல் மக்கார்ட்னிக்கும் ஜோர்ஜ் ஹரிசனுக்கும் அப்போது 21 வயது ஆகவில்லை, அதனால் ஒக்டோபர் தாளில் தகப்பன்மாரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, ஜனவரித் தாளில் எப்ஸ்ரைன் தானே கையெழுத்து வைக்கவில்லை. பெடியன்கள் விரும்பினால் விட்டுப் போகட்டும் என்று விட்டாராம். நூறு வாழ்க்கை வரலாறு எழுதினாலும் இவ்வளவு சங்கதி ஒரு பக்கத்துக்குள் வராது.

இதே குழுவின் ஓட்டோகிராப்புகளின் கதை தெரியுமா? கூட்டம் தாங்காமல், அவர்களோடு திரிந்த நீல் அஸ்பினோலும் மல் எவன்சுமே அவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கச் சட்டத்துக்குள் தொங்குகிற எத்தனையோ "பீற்றில்ஸ் கையெழுத்து" சாமான் தூக்கினவர்களின் கையெழுத்து. தொண்ணூறுகளில் அமெரிக்காவின் எஃப்பிஐ "ஒப்பரேஷன் புல்பென்" என்று ஒரு விசாரணையே நடத்தி, கள்ளக் கையெழுத்து விற்ற கூட்டத்தைப் பிடித்தது. ஆக, படத்தின் மேல் குறுக்காகப் போட்ட கையெழுத்து, கையெழுத்துகளிலேயே நம்பிக்கை குறைந்த சாதி. ஒப்பந்தத்தில் உள்ளது அப்படி இல்லை. எதிர்ப்பக்கத்துக்காரரின் கையெழுத்து இருக்கும், சாட்சி இருக்கும், திகதி இருக்கும், காசு இருக்கும். இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்லுவது கஷ்டம். காசு விசயத்தில் இன்னும் கஷ்டம்.

ஆனாலும் எங்கட சேகரிப்பாளர்கள் துரத்துவது படத்தைத்தான்.

சேகரிப்பாளர்களைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிட்டுத் திட்டுகிறோம். 1983, 1985, 1990, 2004 கடலடி, 2006 என்று இந்த ஊர் எத்தனை தரம் எழும்பி ஓடியிருக்கு. ஓடும்போது அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, இவற்றைத்தான் சனம் மடியில் கட்டியது. இசைத்தட்டையும் கசெட்டையும் யாரும் தூக்கவில்லை, தூக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் தன் வீட்டு அலுமாரியில் நாலு தட்டையும் பத்துப் படத்தையும் பூட்டி வைத்த மனுசன் எங்கள் எல்லாருக்கும் உதவி செய்தவர்தான். அரசாங்கம் செய்யாத வேலையை அவர் செய்தார். அதை மறுக்க மாட்டோம்.

ஆனால் யுத்தம் முடிந்து இத்தனை வருசம் போன பிறகும் பூட்டு ஏன்? நாங்கள் கேட்டுப் போன ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு பிளாஸ்ரிக் கவரைத் தூரத்தில் நின்று காட்டினார். உள்ளே ஒரு பாடகர் ஒரு இசைத்தட்டு விற்பனையாளருக்கு எழுதிக் கையெழுத்து வைத்த கடிதம். "வாசிக்கலாமா அண்ணே?" என்றோம். "பார்க்கலாம், வாசிக்க ஏலாது" என்றார். இப்படி ஒரு வசனத்தை நாங்கள் கோயில் மூலஸ்தானத்தில்கூடக் கேட்டதில்லை. வாசித்தால் விலை குறைந்துவிடுமாம். அந்தக் கடிதத்தில் பாடகர் தனக்கு வரவேண்டிய மிச்சக் காசைக் கேட்டிருக்கிறார் என்று அவரே வாய்தவறிச் சொன்னார். காசு வராமல் பாடகர் எழுதிய கடிதத்தை வைத்து இன்னொருவர் காசு பார்க்கக் காத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல.

மற்றப் பக்கம், பொன்னாடைக் கோஷ்டி. வருசத்துக்கு ஒரு "நினைவு இரவு". பழைய பாட்டுகளைப் புதுப் பெடியன்கள் கரோக்கியில் பாடுவார்கள். மேடையில் மூத்த கலைஞர் ஒருவரைக் கதிரையில் இருத்தி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, சின்னம் கொடுத்து, நாலு படம். அந்தக் கலைஞரிடம் "ஐயா, உங்கட பழைய கடிதங்கள், ஒப்பந்தங்கள் ஏதும் இருக்கா, ஒருக்கா ஸ்கான் பண்ணட்டுமா?" என்று கேட்கிற ஆள் அந்த மண்டபத்தில் இல்லை. ஒரு பொன்னாடைக் காசில் ஒரு பெட்டிக் கடதாசியை ஸ்கான் பண்ணி முடிக்கலாம். பொன்னாடை எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த விழாவில் அடுத்தவரின் தோளுக்குப் போகிறது.

கடதாசியின் பெறுமதி தெரியாத ஊரா இது என்று யோசித்தால் இன்னும் எரிச்சல் வரும். திருகோணமலையைப் போலக் கையெழுத்தால் ஆளப்படுகிற ஊர் வேறு இல்லை. சீனக்குடா எண்ணெய்க் குதங்களை எடுங்கள். 99 குதங்களில் 14 ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று 2022 ஜனவரியில் கையெழுத்தானது. அன்றைக்குப் பஸ்ஸில் இருந்த அம்மாவுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். 1987 ஜூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு ஜே. ஆரும் ராஜீவும் மாற்றிக்கொண்ட கடிதங்களிலும் எங்கட துறைமுகம் இருக்கு, எங்கட குதங்கள் இருக்கு. அதே கடிதங்களில் இன்னொரு பந்தியும் இருக்கு, யாரும் பேசுவதில்லை: இலங்கையில் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்கள் வைத்திருக்கிற வசதிகள் பொது ஒலிபரப்புக்கு மட்டும் பாவிக்கப்பட வேண்டும் என்று. அந்தக் காலத்தில் எங்கட திருகோணமலையில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல அஞ்சல் நிலையம் இருந்தது. 2013இல்தான் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. வானொலி அலைக்கும் கையெழுத்து வேணும் என்று இரண்டு நாட்டுத் தலைவர்களுக்குத் தெரிந்திருக்கு. அந்த அலையில் போன பாட்டுக்கு யார் எங்கே கையெழுத்து வைத்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தேவையில்லையாம்.

காணித் தகராறில் உறுதியைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்கு ஓடுகிறோம். தோம்பு பார்க்கிறோம். பாட்டனார் வைத்த கைநாட்டைக்கூடப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம். பாட்டும் ஒரு சொத்துத்தான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 வருசம் வரைக்கும் பதிப்புரிமை இருக்கு. எழுபதுகளில் பாட்டு எழுதின ஒருவர் இன்றைக்கும் உயிரோடு இருந்தால், அவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் வரைக்கும் போகக்கூடிய சொத்து. ஆனால் யூடியூப்பில் அதே பாட்டை யாரோ ஒருவர் ஏற்றி, யாரோ ஒரு கம்பனி "இது எங்களுடையது" என்று உரிமை கோரி, விளம்பரக் காசு எங்கேயோ போகிறது. குடும்பம் எதிர்த்துக் கேட்கப் போனால் முதல் கேள்வி: எழுத்தில் ஏதும் இருக்கா? இல்லை. கையெழுத்து வைத்த படம் இருக்கு. அதைக் கொண்டுபோய் என்ன செய்யுறது?

தமிழ்நாட்டில் இது எவ்வளவு பெரிய சண்டை ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். 2017 மார்ச்சில் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இளையராஜா தரப்பில் இருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது, என் பாட்டை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று. சனம் இரண்டாய்ப் பிரிந்து நட்பா, காசா என்று கத்தியது. எங்கட பல்கலைக்கழகக் கன்ரீனிலும் அதே சத்தம்தான். நீதிமன்றத்துக்குள் நட்புக்கு வேலை இல்லை. தயாரிப்பாளரோடு என்ன எழுதினீர்கள், இசைத்தட்டுக் கம்பனிக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள், எத்தனை வருசத்துக்கு, அப்போது இல்லாத தொழில்நுட்பத்துக்கும் அது பொருந்துமா, இவைதான் கேள்வி. இளையராஜாவிடம் சண்டை பிடிக்க வக்கீலாவது இருக்கு, கடதாசியாவது இருக்கு. எங்கட அக்கோடியன் ஐயாவிடம் இருந்ததும் கடதாசிதான். அதுதான் வெள்ளையடிப்போடு போனது.

காசை வெளியில் சொல்லுவது கலைஞருக்கு அவமானம் என்று ஒரு வாதம் வரும். வந்தது. எங்கள் குழுவில் ஒருவருடைய மாமாவே சொன்னார், "அந்தாளுக்கு எழுபத்தைந்து ரூபா குடுத்ததை ஊருக்குக் காட்டப்போறீங்களா? மானம் போகும்." யாருடைய மானம் மாமா? கொடுத்தவருடையதா, வாங்கினவருடையதா? கே. பி. சுந்தராம்பாள் 1935இல் "பக்த நந்தனார்" படத்துக்கு ஒரு இலட்சம் ரூபா வாங்கினார் என்பதை இன்றைக்கும் பெருமையோடு சொல்லுகிறோம். பெரிய தொகை என்றால் சரித்திரம், சின்னத் தொகை என்றால் மானக்கேடா? எங்களுக்கு எழுபத்தைந்து ரூபாதான் முக்கியம். ஒரு இரவு முழுக்க மேடையில் நின்ற வாத்தியக்காரருக்கு என்ன கிடைத்தது, பாடகருக்கு என்ன கிடைத்தது, விழாக்குழுவுக்கு என்ன மிஞ்சியது என்று தெரிந்தால்தான் அந்தக் காலத்துப் பொப்பிசை எப்படி உயிர் வாழ்ந்தது, ஏன் செத்தது என்று எழுதலாம். இல்லாவிட்டால் "அது ஒரு பொற்காலம்" என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எங்களுக்கு அந்தச் சொல் அலுத்துப்போச்சு.

தனிப்பட்ட விசயங்கள் வெளியில் வரக்கூடாது என்பது மட்டும் நியாயம். வீட்டு விலாசம், வங்கிக் கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் இவற்றை மறைத்துவிட்டுத்தான் நாங்கள் பிரதியைக் காட்டுகிறோம். குடும்பம் காட்டவேண்டாம் என்று சொன்ன மூன்று கடிதங்கள் எங்களிடம் இருக்கு. காட்டமாட்டோம். அந்தக் குடும்பத்தில் உள்ளவர்கள் மனம் மாறும் வரைக்கும் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

விற்கிறவர்களோடு எங்களுக்குக் கோபம் இல்லை. பெற்றோல் விலையும் பால்மா விலையும் தெரியாத ஊரில் நாங்கள் இல்லை. தகப்பன் கையெழுத்து வைத்த கடதாசியை விற்றுத்தான் கூரைக்குத் தகரம் போட வேணும் என்றால் வில்லுங்கோ. விற்கிறதுக்கு முதல் நாள் ஒரு மணித்தியாலம் எங்களுக்குத் தாங்கோ. தாள் போகட்டும், அதில் எழுதியிருக்கிறது நிற்கட்டும்.

சரி, நீங்கள் என்ன கிழிச்சிருக்கிறீங்கள் என்று கேட்பீர்கள். கொஞ்சம் கிழித்திருக்கிறோம், அதுவும் சொல்லவேணும். தொடக்கத்தில் ஒரு கடிதத்தின் மடிப்பு பிய்ந்து போயிருந்ததை செலோடேப் போட்டு ஒட்டினோம். பெரிய பிழை. பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும் என்று பிறகுதான் விளங்கியது. இன்னொருவர் அக்கறையோடு லெமினேற் பண்ணிக் கொண்டுவந்து தந்தார். அதற்கு இனி மோட்சம் இல்லை, பிரிக்க ஏலாது. துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றவேணும். எழுதுவதென்றால் பென்சிலால், பின்பக்கம். ஈயப்பூச்சுப் பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினால் எங்கட உப்புக் காத்து இரண்டு மாரியில் வேலையைக் காட்டும். அலுமாரியின் நடுத்தட்டுத்தான் நல்லது. இதெல்லாம் நாங்கள் கெடுத்துப் படித்தவை.

திகதி இல்லாத தாளில் திகதி கண்டுபிடிப்பதுதான் எங்களுக்குப் பிடித்த விளையாட்டு. வானொலிக் கடிதம் என்றால் தலைப்பைப் பாருங்கள். ரேடியோ சிலோன் என்றிருந்தால் 1967க்கு முந்தியது, அந்த வருசம் ஜனவரி 5இல்தான் அது கூட்டுத்தாபனம் ஆனது. ஆங்கிலத்தில் சிலோன் புரோட்காஸ்ரிங் கோப்பரேஷன் என்றிருந்தால் 1967க்கும் 1972க்கும் இடையில். சிறீலங்கா என்று வந்துவிட்டால் 1972 மே 22க்குப் பிறகு. பழைய தாளை முடியும் மட்டும் பாவிக்கிற கந்தோர்ப் பழக்கமும் இருக்கு என்பதால் சில மாதம் முன்பின் விடவேணும். பற்றுச்சீட்டில் ஒட்டிய முத்திரையும் உதவி செய்யும். எங்களில் ஒருத்தி இப்போது முத்திரையைப் பார்த்தே வருசம் சொல்லுவா. கலைப்பீடத்தில் மூன்று வருசம் படித்ததைவிட இந்த ஆறு மாதத்தில் வரலாறு கூடப் படிச்சிட்டன் என்கிறா. விரிவுரையாளர்கள் கோபிக்க வேண்டாம்.

இன்றைக்கு எங்களிடம் இருப்பது நாற்பத்தொரு தாள்களின் பிரதி. நாற்பத்தொன்றும் பாட்டுத் தொழிலில் யாரோ கையெழுத்து வைத்தவை. பெரிய பாடகர்களின் கையெழுத்து அதில் குறைவுதான். ஒலிபெருக்கிக்காரர் வாங்கின முற்பணம் இருக்கு. தபேலாக்காரர் கடன் கேட்டு எழுதின துண்டு இருக்கு. ஒரு கச்சேரிக்கு ஆறு பேர் வரிசையாகக் கையெழுத்து வைத்து வாங்கின பட்டியல் ஒன்று இருக்கு, நாங்கள் அதை எத்தனை தரம் பார்த்தோம் என்று கணக்கில்லை. அந்த ஆறு பேரில் நாலு பேருடைய பெயரை அதற்கு முதல் நாங்கள் எங்கேயும் வாசித்ததில்லை.

ஒவ்வொரு தாளுக்கும் குடும்பத்திடம் ஓர் அனுமதிக் கடிதம் எழுதி வாங்குகிறோம். தமிழில், ஒரு பக்கம்: மூலம் உங்களுடையது, பிரதி எங்களிடம், விற்கமாட்டோம், கேட்டால் நீக்குவோம். இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்து ஆளுக்கு ஒன்று. முதல் கடிதத்தில் நாங்கள் கையெழுத்து வைத்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அமெரிக்காவில் எல்விஸை 1955இல் சண் கம்பனி ஆர்சிஏவுக்கு விட்டுக்கொடுத்த விலை 35,000 டொலர் என்று எங்களால் உடனே சொல்ல முடிகிறது. கல்கத்தாவில் 1902 நவம்பரில் கௌஹர் ஜான் முதல் இசைத்தட்டுக்குப் பாடி முடித்துவிட்டுத் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார், தட்டு அச்சடிக்க ஜேர்மனிக்குப் போகும்போது யாருடைய பாட்டு என்று மாறிவிடக்கூடாது என்பதற்காக. நூற்றிருபது வருசத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு இருந்த யோசனை. குரலிலேயே கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கட மத்திய வீதியில் ஐம்பது வருசத்துக்கு முந்தி நடந்த ஒரு கச்சேரியில் யார் யார் வாசித்தார்கள் என்று சொல்ல எங்களுக்கு ஒரு துண்டு வேணும். அது உங்களில் யாருடைய வீட்டிலோ இருக்கு.

நூலகம் நிறுவனம் 2005இல் இருந்து ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் பண்ணி எல்லாரும் வாசிக்கத் திறந்து வைத்திருக்கு. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்த சமூகம் அதில் இருந்து படித்துக்கொண்ட பாடம் அது. புத்தகத்துக்குச் செய்யத் தெரிந்த எங்களுக்குப் பாட்டுக்காரரின் பற்றுச்சீட்டுக்குச் செய்ய ஏன் கை வரவில்லை? புத்தகம் படிச்ச ஆட்களுடையது, பொப் பாட்டு கூத்தாடிகளுடையது என்ற பழைய எண்ணம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். பிழை என்றால் வந்து சண்டை பிடியுங்கோ, வரும்போது ஒரு பைலோடு வாங்கோ.

வாற சனிக்கிழமை பின்னேரம் ஸ்கானரோடு டொக்யார்ட் வீதிப் பக்கம் ஒரு வீட்டில் இருப்போம். எங்களைத் தெரிந்தவர்களுக்கு வீடு தெரியும். அக்கோடியன் ஐயாவின் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறா. சூட்கேஸ் போனது போனதுதான், ஆனால் ஐயாவின் பழைய மணிபர்சுக்குள் நாலாய் மடித்த ஒரு துண்டு இருந்ததாம். "என்ன எழுதியிருக்கு எண்டு தெரியேல்ல தம்பி, கையெழுத்து மட்டும் தெரியுது" என்று போனில் சொன்னா. விரிக்க வேண்டாம், மடிச்சபடியே கொண்டுவாங்கோ என்று சொல்லியிருக்கிறோம்.